மாரிக்கு ஒரு பாய்

“ராவு நித்திர கொண்டீங்களா மகள்?”

கல்முனைக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் பாதி நனைந்து, சிநேகிதி வீட்டு விறாந்தையில் ஏறிய என்னிடம் அவளுடைய உம்மா கேட்ட முதல் கேள்வி இது. இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி வந்தவளிடம் யாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் நித்திரை என்று சொல்லத்தக்க நித்திரை கொண்டு மூன்று மாரி ஆகிவிட்டது. அப்போது பள்ளிவாசலில் விடியற்காலைத் தொழுகைக்கான சுபஹ் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். மற்ற நாலு வேளைப் பாங்கில் இல்லாத ஒரு வரி சுபஹ் பாங்கில் உண்டு. நித்திரையைவிடத் தொழுகை மேலானது என்று அது எழுப்பும். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பதிலுக்குக் காத்திராமல், என் தலையைத் துடைக்க ஒரு துவாயைத் தந்துவிட்டு உள்ளே போனார்.

நான் இருப்பது ஒஸ்லோவில். டிசம்பர் 21ஆம் திகதி அங்கே சூரியன் காலை ஒன்பதே காலுக்குப் பிறகு எழும்பிப் பிற்பகல் மூன்றே காலுக்கு முன்பே விழுந்துவிடும். ஆறு மணி நேரம்கூட நிறையாத பகல். அந்த ஆறு மணி நேரமும் வானம் மூடிக் கிடந்தால், ஈயத்தகட்டைப் பார்ப்பதுபோல ஒரு வெளிச்சம்தான் கிடைக்கும். வேலைக்குப் போகும்போது இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தால் மாலை ஆறு மணிக்கே கண் சொருகிவிடும். ஒன்பதுக்கு விழித்தால் பிறகு விடியற்காலை மூன்று, நாலு மணிவரை கண்ணை மூட முடியாது. காலையில் எழும்ப உடம்பு மறுக்கும். தடித்த போர்வை வாங்கினேன். மீனெண்ணெய் குடித்தேன். வைத்தியர் சொன்னபடி 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கொன்றை வாங்கி, காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் இருந்தேன். விளக்கு ஓரளவு உதவியது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மாலையில் சோபா என்னை விழுங்குவதை அதனால் நிறுத்த முடியவில்லை.

இந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்தவர் நோர்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவர். வெயில் நிறைந்த ஜொஹன்னஸ்பேர்க்கிலிருந்து நியூயோர்க்குக்குப் போனவர். அங்கே குளிர்காலம் வந்ததும் தன் உடம்பு சோர்வதைத் தானே கவனித்தார். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் அந்தச் சோர்வைப் பற்றி 1984இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதினார். வெயில் நாட்டிலிருந்து வந்த ஒருவர்தான் இதைக் கண்டுகொண்டார் என்று படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. வடக்கிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாழ்க்கையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்வதை, நம் போன்றவர்களின் உடம்பு புதினமாகப் பார்க்கிறது.

பேராதனையில் என்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவள்தான் என் சிநேகிதி. இப்போது கல்முனையில் ஆசிரியை. நவம்பரில் தொலைபேசியில் என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “இங்க வா. இங்கயும் மாரிதான், சூரியனைக் காண ஏலாது. ஆனா நாங்க படுக்கிறோம்.” தை பிறந்து வெளித்த பிறகு போ என்று எல்லாரும் சொன்னார்கள். நான் 2024 டிசம்பர் நடுவில் புறப்பட்டேன். வெயிலைத் தேடிப் போனால் வெயில்தான் கிடைத்திருக்கும். மூடிய வானத்தின் கீழ் மனிதர்கள் எப்படிக் கண்ணயர்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்போல் இருந்தது.

கண்டி, மஹியங்கனை, அம்பாறை என்று வந்த பஸ்ஸில் முன்னும் பின்னும் எல்லாரும் நல்ல நித்திரை. சம்மாந்துறை தாண்டியதும் ஒன்று நடந்தது. யாரும் எழுப்பவில்லை, ஆனால் ஒவ்வொருவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பஸ் மெதுவானது. இரண்டு பக்கமும் வெள்ளம் ஏறிய வயல், இருட்டில் மங்கலாக மினுங்கியது. பக்கத்தில் இருந்த பெண் உதடசைத்து எதையோ ஓதினாள். மாவடிப்பள்ளி. சில வாரங்களுக்கு முன், நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூரில் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது இந்த வீதியில்தான். வெள்ளத்துக்குப் பயந்து விடுமுறை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகள். பஸ் காரைதீவுச் சந்தியைத் தொட்டதும் பலர் திரும்பவும் சாய்ந்துகொண்டார்கள். பக்கத்துப் பெண் மட்டும் இறங்கும்வரை சாயவில்லை.

இந்தக் கரையைப் பற்றி அறியாதவர்களுக்காக: வடக்கே பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரும் ஊரும் ஒட்டியபடி தெற்கே போகும். பிறகு ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒரு பெருந்தெரு. அந்த ஒடுங்கிய மணல் பட்டியில்தான் முஸ்லிம்களும் தமிழர்களும் வீட்டோடு வீடாக வாழ்கிறார்கள். இங்கே வருடத்துக்கு இரண்டு காலம்தான்: கோடை, மாரி. கோடையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்து உடம்பை உலர்த்தும். மாரியில் வாடை கடலிலிருந்து மழையைத் தள்ளிக்கொண்டு வரும். கார்த்திகை, மார்கழி, தை என்று மழை விட்டும் விடாமலும் அடிக்கும்.

குளிர் எவ்வளவு என்று கேட்டால் என் ஒஸ்லோ சிநேகிதர்கள் நம்பமாட்டார்கள். இரவில் 23 பாகை அளவில்தான் இருக்கும். கழித்தல் பத்தில் நடந்து பழகிய நான் முதல் இரவே கொடுகிப்போனேன். ஒஸ்லோவில் குளிர் வீட்டுக்கு வெளியே நிற்கும். சுவருக்கு உள்ளே அதற்கு வேலையில்லை. இங்கே கூதல் சீமெந்துத் தரையிலும், காயாத துணியிலும், ஓட்டு இடுக்கிலும் வந்து குடியிருக்கும். வெப்பத்துக்கே பழகிய உடம்பும், காற்றை உள்ளே விடுவதற்கென்றே கட்டிய வீடும். 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயல் வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் கூதலில் விறைத்துச் செத்தன. அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது இங்குள்ளவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

இந்த வீடு உம்மாவுடையது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாக வரும். கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். உம்மாவின் உம்மா உம்மாவுக்குக் கொடுத்த வளவு இது. உம்மா இதை என் சிநேகிதிக்குக் கொடுத்திருக்கிறார். யார் எங்கே படுப்பது, எந்த ஜன்னலை எப்போது சாத்துவது, எந்தப் பாய் யாருக்கு என்பதெல்லாம் இன்றும் அவர் கையில்தான்.

அந்த வீட்டில் கட்டில் இருக்கிறது, மெத்தையும் இருக்கிறது. எனக்கும் முதல் நாள் அதைத்தான் ஒழுங்குசெய்தார்கள். பஞ்சு மெத்தை மாரியில் ஈரத்தை உறிஞ்சிக் கனத்துப்போயிருந்தது. படுத்தால் முதுகில் சில்லென்று ஒட்டியது. இரண்டாம் நாள் நான் கேட்காமலே உம்மா தரையில் ஒரு சாக்கை விரித்தார். அதன்மேல் பழைய பன்பாய் ஒன்று. அதன்மேல் புதிய பன்பாய் ஒன்று. கோடைக்கு ஒரு பாய் காணும், மாரிக்கு இரண்டு வேண்டும், பழையது எப்போதும் கீழே. பன்புல் உள்ளே துளை நிறைந்த புல். சதுப்பில் வளரும். வெட்டி, காயவைத்து, சாயத்தில் அவித்து, தரையில் குந்தியிருந்து கையாலேயே இழைப்பார்கள், தறி கிடையாது. இரண்டு பாய்க்கு நடுவில் நிற்கும் காற்றுத்தான் தரையின் கூதலைத் தடுக்கிறது என்பதைப் பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் படித்திருந்தேன். படுத்துப் பார்த்தபோதுதான் அது முதுகுக்குப் புரிந்தது.

பன் மாரியில் காயாது. ஆகவே கோடையில் வெட்டிக் காயவைத்ததைக் கட்டுக்கட்டாகக் குசினிப் புகைக்கு மேலே, வளையில் செருகி வைத்திருந்தார் உம்மா. மழை நாட்களில் ஒரு கட்டை இறக்கி, நீர் தெளித்துப் பதமாக்கி, இழைக்க இருப்பார். எழுபதைத் தாண்டிய விரல்கள் கண்ணின் உதவியில்லாமலே ஓடும். நானும் ஒரு விளிம்பைப் பிடித்துப் பார்த்தேன். நான் இழைத்ததை ஒன்றும் சொல்லாமல் பிரித்து, தானே திரும்ப இழைத்தார். பாய் விற்பனை இப்போது குறைவு. பிளாஸ்டிக் பாய் மலிவு, கழுவலாம், பூஞ்சணம் பிடிக்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் பாயில் படுத்தவருக்குத் தெரியும், அது கூதலை அப்படியே மேலே தரும். இந்தக் கைவேலை உம்மாவோடு இந்த வீட்டில் நின்றுவிடும் என்பதை நினைக்க எனக்கு வலிக்கிறது. என் சிநேகிதிக்கு இழைக்கத் தெரியும், நேரமில்லை. அவளுடைய மகளுக்குத் தெரியாது.

போர்வைக்கு மருதமுனைச் சாரன்கள். கைத்தறிக்குப் பேர்போன ஊர் மருதமுனை. கிழிந்த சாரன்கள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தால் மெத்தென்று ஒரு போர்வை. எல்லாவற்றையும் சுற்றி நுளம்பு வலை. மாரி என்றால் டெங்கும்தான். வலை இல்லாமல் யாரும் படுப்பதில்லை. வலைக்குள் காற்றும் சற்று அடங்கிப்போகிறது. வீட்டுக்குள் இன்னொரு சின்ன வீடு.

படுக்கப் போகுமுன் உம்மா என் காலைத் தொட்டுப் பார்த்தார். “காலு கூதலா இரிந்தா மனிசனுக்கு நித்திர வராது மகள்.” சூடு காட்டிய தேங்காயெண்ணெயைப் பாதத்தில் தேய்த்து, ஒரு பழைய துணியால் சுற்றிவிட்டார். அம்மா போன பிறகு என் காலை யாரும் இப்படித் தொட்டதில்லை. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் 1999இல் இதையே அளந்து எழுதியிருக்கிறார்கள்: கைகால் சூடானால் தோலுக்கு இரத்தம் கூடுதலாக ஓடும், உடம்பின் உள்வெப்பம் அந்த வழியாக வெளியேறும், உள்ளே சற்றுக் குளிர்ந்தால் நித்திரை விரைவில் வரும். காலைச் சுடவைத்து உள்ளத்தைக் குளிரவைக்கிற விந்தை. ஒஸ்லோவில் நான் போர்வையின் தடிப்பைக் கூட்டிக்கொண்டே போனேன். காலுறை போடத் தோன்றவில்லை.

ஆனால் பாயும் எண்ணெயும் பாதிக் கதைதான். மீதி பகலில் நடந்தது.

சுபஹ் தொழுத பிறகு அந்த வீட்டில் யாரும் திரும்பப் படுப்பதில்லை. மார்கழியில் இங்கே சூரியன் ஆறு பத்துக்கு எழும்பும், மாலை ஐந்து ஐம்பதுக்கு மறையும். வருடத்தின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். நிலம் வெளிக்கத் தொடங்கியதும் உம்மா வாசலைக் கூட்டுவார். பிறகு குடையோடு கடற்கரைக்கு நடப்பார். நானும் கூடப் போனேன். வாடை நாட்களில் கடல் கொந்தளித்துக் கிடக்கும். பெரும்பாலான தோணிகள் கரையில் கவிழ்ந்திருக்கும். ஆனாலும் யாராவது ஒருவர் ஏதாவது கொஞ்சம் மீனோடு நிற்பார். கடற்கரைப் பள்ளியின் பக்கமாகத்தான் திரும்பி வருவோம். நாகூர் ஆண்டகையின் பேரில் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேறும் பள்ளி அது. கடலில் போகிறவர்களுக்கு நாகூரார் காவல் என்பது இந்தக் கரையின் நீண்டகால நம்பிக்கை.

இந்த ஒரு மணி நேரத்தில் சூரியனை நாங்கள் ஒரு நாளும் பார்க்கவில்லை. தலைக்கு மேல் சாம்பல் நிறம்தான். ஆனால் திறந்தவெளியில் மேகம் மூடிய வானமும் சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் தரும். விளக்குப் போட்ட அறை சில நூறைத் தாண்டாது. கண்ணுக்கு இரண்டும் வெளிச்சமாகத்தான் தெரியும், உடம்புக்கு வித்தியாசம் தெரியும். விழித்திரையில் உருவத்தைக் காண்பதைவிட வெளிச்சத்தின் அளவை அறிவதற்கென்றே சில கலங்கள் இருப்பதை 2002 வாக்கில் கண்டறிந்தார்கள். அவை காலை வெளிச்சத்தை மூளைக்குச் சொன்னால்தான், இரவில் மெலட்டோனின் எப்போது சுரக்கவேண்டும் என்ற கணக்கு நேராகும். கடற்கரை மணலில் உம்மாவின் பின்னால் நடந்தபோது என் மேசை விளக்கை நினைத்துக்கொண்டேன். அது செய்ய முயன்ற வேலையை இங்கே முழு வானமும் செய்துகொண்டிருந்தது.

பகலில் லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பக்கமாக ஒரு சின்னப் படுக்கை. கைலூலா என்பார்கள், நபிவழி. அரை மணிக்கு மேல் போகாது. அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு உம்மா படுக்கவே விடமாட்டார். எனக்கு ஆபத்தான நேரம் அதற்குப் பிறகுதான் வந்தது. மாலை ஆறு மணி, இருட்டிவிட்டது, மழை கூரையில் விழுகிறது. ஒஸ்லோச் சோபா கிழக்கிலங்கைக்கும் வந்துவிட்டதுபோல் உடம்பு சாயும். உம்மா விடவில்லை.

“மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில படுக்கப்படாது மகள். எழும்புங்க. வேர்க்கொம்பு போட்டுப் பிளேன்ரீ தாறன்.”

இஷாவுக்கு முன் நித்திரை கொள்வதையும், இஷாவுக்குப் பின் வீண்கதை பேசுவதையும் நபிகள் விரும்பவில்லை என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இரண்டு விலக்கும் சேர்ந்தால் இரவுக்கு ஒரு வேலி கிடைத்துவிடுகிறது. ஏழு மணிக்கு இஷா. எட்டரைக்குச் சாப்பாடு. ஒன்பதரைக்குப் பாய். ஐந்தாம் நாள் இரவு பத்து மணிக்குக் கண்ணை மூடினேன், பாங்குக்குத்தான் விழித்தேன். அன்று காலை உம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது ஓம் என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார், அவருடைய நோய் மாறியதுபோல.

நான் முஸ்லிம் இல்லை. அந்த வீட்டில் யாரும் என்னைத் தொழச் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு நாளை ஐந்தாக வகுத்து, எந்த நேரத்தில் விழித்திருக்கவேண்டும் என்று ஊரே ஒத்துக்கொண்ட இடத்தில் இருந்ததால் என் உடம்பு ஒழுங்குக்கு வந்தது என்பதை நன்றியோடு எழுதவேண்டும். தனியே ஒரு அறையில் நான் எனக்கு விதித்த கட்டுப்பாடுகள் எல்லாம் இரண்டு நாளில் இற்றுப்போயின. இங்கே என்னோடு சேர்ந்து ஒரு தெருவே எழும்பியது.

ஒரு நாள் மாலை, சிநேகிதியின் கணவரோடு வட்டைக்குப் போனோம். வயல்வெளியை இங்கே வட்டை என்பார்கள். பெரும்போகப் பயிர் முழங்காலளவு நின்றது. இங்கினியாகலையில் கல் ஓயாவை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்து நீர்தான் இந்த வட்டைகளில் பெரும்பங்குக்கு. வாடியில் காவலிருந்த முதியவர் யானைக்காக விழித்திருப்பவர். இரவில் மூன்று நாலு துண்டாகத்தான் நித்திரை கொள்வாராம். தீ மூட்டி, ஒரு கண் மூடி, வெடி கொளுத்தி, மறு கண் மூடி. “நாங்க முழிச்சிரிந்தாத்தான் ஊர் நித்திர கொள்ளும்” என்றார். பெருமையாகச் சொல்லவில்லை, வேலையைச் சொன்னார்.

அந்தச் சொல் எனக்கு வீட்டில் நடப்பதை விளக்கியது. வந்த முதல் சில இரவுகளில் எனக்கு நேர வித்தியாசத்தால் நித்திரையில்லை. இங்கே நள்ளிரவு என்றால் ஒஸ்லோவில் மாலை ஏழரைதானே. வலைக்குள் விழித்துக் கிடந்தேன். பன்னிரண்டு மணியளவில் சிநேகிதி கொப்பி திருத்தி முடித்து விளக்கை அணைப்பாள். உடனே உம்மாவின் அறைக் கதவு திறக்கும். அவர் விறாந்தைக்கு வந்து, கடல் பக்கம் முகத்தை வைத்துக் கதிரையில் இருப்பார். கையில் தஸ்பீஹ் மணிமாலை. மூன்று மணிக்குச் சிநேகிதியின் கணவர் தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகைக்கு எழும்பியதும் உம்மா உள்ளே போவார். மாரி முழுவதும் இப்படித்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். காலை ஒன்பது மணிக்கு முன் கடல் வந்தது. இலங்கையில் எந்த மாவட்டத்தையும்விட அம்பாறையில்தான் அதிகமானவர்கள் இறந்தார்கள், பத்தாயிரத்துக்கும் மேல். அவர்களில் உம்மாவின் கடைசி மகனும் ஒருவன். ஒன்பது வயது. மையித்துக் கிடைக்கவில்லை. இதற்கு மேல் சிநேகிதி சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

பிறகு வந்த மாதங்களில் இந்தக் கரையில் யாருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. “தண்ணி வருது” என்று ஒரு குரல் கேட்டால் தெரு முழுவதும் மேற்கே ஓடும். 2005 மார்ச் 28ஆம் திகதி இரவு பத்து மணிபோல் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் நியாஸ் தீவில் பூமி அதிர்ந்தபோது, படுத்தவர்கள் எல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அந்த முறை கடல் வரவில்லை. 2012 ஏப்ரலிலும் அப்படித்தான். கரையோரத்தில் கட்டக்கூடாத எல்லை என்று கிழக்கில் முதலில் 200 மீற்றர் குறித்தார்கள், பிறகு குறைத்தார்கள். மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்துக்கு ‘65 மீற்றர்’ என்றே பெயர். கடலுக்கும் நித்திரைக்கும் நடுவில் எத்தனை மீற்றர் வேண்டும் என்பதை அரசாங்கம் அளந்துவிட்டது. உம்மா ஒவ்வொரு இரவும் காதால் அளந்துகொண்டிருந்தார். கோடையில் கடல் அடங்கிக் கிடக்கும், அவரும் படுப்பார். மாரியில் அது இரையும். மழைச் சத்தத்தில் அலைச் சத்தம் மறைந்துபோவதுதான் அவருக்குப் பயம்.

மூன்றாம் இரவு நான் எழுந்து விறாந்தைக்குப் போனேன். எனக்கு எப்படியும் நித்திரையில்லை, மூன்று மணிவரை நான் இருக்கிறேன், நீங்கள் படுங்கள் என்றேன். தயங்கினார். சத்தம் மாறினால் எழுப்புவாயா என்று கேட்டார். எழுப்புவேன் என்றேன். போய்ப் படுத்தார். வெகுநேரம் புரண்ட சத்தம் கேட்டது. பிறகு சின்னக் குறட்டை. மழை, தவளை, அவற்றுக்குக் கீழே கடல். விழித்திருப்பதைச் சாபமாகவே மூன்று வருடம் நினைத்திருந்த எனக்கு, அந்த மூன்று மணி நேரமும் யாருக்கோ உதவியது.

என் நேரம் சரியாகி நான் படுக்கத் தொடங்கியதும் முறை வைத்துக்கொண்டோம். சிநேகிதி ஒரு நாள், நான் ஒரு நாள். சிநேகிதியின் மகளும் கேட்டாள், அவளுக்கு வெள்ளிக்கிழமை இரவு கொடுத்தோம். இருபது வருடத்தில் இது ஏன் தங்களுக்குத் தோன்றவில்லை என்று சிநேகிதி அழுதாள். உம்மா கேட்டதில்லை, அவர்கள் கவனித்ததில்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் கண்ணுக்குப் பழகிப்போனது விருந்தாளியின் கண்ணில் பட்டது.

டிசம்பர் 25 இரவு முறை எதுவும் இல்லை. யாரும் படுக்கவில்லை. உம்மா யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். காலையில் ஊர் அமைதியாக எழும்பியது. ஒன்பது இருபத்தைந்துக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். தெருவில் முச்சக்கரவண்டிகள் நின்றன. கடற்கரையில் வெள்ளைத் தொப்பிகளும் கறுப்பு அபாயாக்களும், பாண்டிருப்புப் பக்கத்தில் கற்பூரப் புகையும். தூறல் விழுந்துகொண்டிருந்தது. உம்மா கடலுக்கு முகம் கொடுத்து நின்று துஆக் கேட்டார். வழியில் எவரோடும் பேசாமல் திரும்பி வந்தார்.

லுஹர் தொழுதுவிட்டு, நடு அறையில் தானே பாயை விரித்தார். இரண்டு பாய். நான் சூடு காட்டிய எண்ணெயைக் கொண்டுபோய்க் காலடியில் இருந்தேன். வேண்டாம் என்று காலை இழுத்தார், பிறகு நீட்டினார். குதிகால் பனிக்கட்டிபோல் இருந்தது. தேய்த்துத் துணி சுற்றி, சாரன் போர்வையை இழுத்துவிட்டேன். மழை வலுத்தது. நான் கடல் பக்கத்துக் கதவைப் பாதி திறந்து நிலையில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“கடல் எப்பிடிக் கெடக்கு மகள்?”

எட்டிப் பார்த்தேன். கவிழ்ந்த தோணிகளுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தது.

“சும்மா கெடக்கு உம்மா.”

வலப்பக்கம் திரும்பி, கன்னத்தின் கீழ் கையை வைத்துக்கொண்டார். கைலூலா அரை மணிதான் என்பது அவருடைய சட்டம். அஸர் பாங்கு சொல்லும்வரை நான் எழுப்பவில்லை.